வளைந்த மரத்துக்குத் தனி விலை

வளைந்த கருவேல மரத்துக்கு எங்கள் பக்கத்தில் ஒரு காலத்தில் தனி விலை இருந்தது. சங்கரன்கோவிலைச் சுற்றியுள்ள குளங்களின் கரையிலும் உள்வாயிலும் நாட்டுக்கருவேலம் அடர்ந்து நின்ற நாட்கள் அவை. நேராக வளர்ந்தது வண்டிக்கும் ஏர்க்காலுக்கும் போகும். கொஞ்சம் வளைந்தது கலப்பைக்கு. பெரிதாக, முழங்கை மடங்கியதுபோல் வளைந்து நின்ற கிளைக்குத் தூத்துக்குடியிலிருந்து ஆள் வரும்.

வருகிறவர்கள் கையில் மெல்லிய பலகையில் அறுத்த அச்சுகள் இருக்கும். நிற்கிற மரத்தின் மேலேயே அச்சை வைத்துப் பார்ப்பார்கள். என் தாத்தா வண்டி ஆசாரி. அவருக்கு அச்சு வேண்டாம், கண்ணே போதும். "ஆசாரியாரே, இது வங்குக்கு ஆகுமா?" என்று கேட்டால், மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, புறங்கையால் தட்டிப் பார்த்து, "இது ஆகும். அந்தா நிக்குதே, அது உள்ள பொக்கு. விட்ருங்க" என்பார். வெட்டுவதற்குத் தேய்பிறை பார்ப்பார்கள். வளர்பிறையில் வெட்டினால் மரம் உளுத்துப் போகும் என்பதில் தாத்தாவுக்குக் கடைசிவரை சந்தேகமே கிடையாது.

வங்கு என்பது தோணியின் விலா எலும்பு. அடியில் ஓடும் நீண்ட கட்டை ஏரா. அதிலிருந்து இரண்டு பக்கமும் வளைந்து மேலேறுகிற சட்டங்கள்தான் வங்குகள். நேரான கட்டையை வளைவாக அறுத்தால் நார் அறுபட்டுவிடும். அலை அடிக்கிற இடத்தில் அந்த அறுபட்ட நாரில்தான் முதலில் வெடிக்கும். மரம் தானாக வளைந்து வளர்ந்திருந்தால் நாரும் அந்த வளைவிலேயே ஓடியிருக்கும். கோணல் மரத்தைத் தேடி அவ்வளவு தூரம் வந்ததற்குக் காரணம் அதுதான். கடலையே பார்த்திராத எங்கள் குளத்தங்கரை மரங்கள், கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போகிற தோணிகளின் வயிற்றுக்குள் இருந்தன என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது.

ஒருமுறை லோடு லாரியில் தாத்தாவோடு நானும் தூத்துக்குடிக்குப் போனேன். கழுகுமலை, கோவில்பட்டி, எட்டயபுரம் தாண்டி உப்பளங்கள் வெள்ளை வெள்ளையாகத் தெரிய ஆரம்பித்ததும் காற்றின் வாடையே மாறிவிட்டது. தோணி கட்டுகிற இடத்தில் ஏராவின் மேல் வங்குகள் வரிசையாக எழுந்து நின்றன. பலகை இன்னும் ஏறவில்லை. உள்ளே நின்று பார்த்தால் வானம் பட்டை பட்டையாகத் தெரிந்தது. கையில் வரைபடம் என்று யாரிடமும் எதுவும் இல்லை. தலைமை ஆசாரி ஒரு கயிற்றை அணியத்திலிருந்து பின்பக்கம் வரை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "மூணாவது வங்குல ஒரு விரக்கடை எடு" என்றார். வாச்சி இறங்கியது. சிலாம்பு பறந்தது. மறுபடியும் கயிறு, மறுபடியும் அந்தப் பார்வை. தாத்தா வாயே திறக்கவில்லை. தன் தொழிலை இன்னொரு உருவத்தில் பார்க்கிற மனிதரின் மௌனம் அது என்று பின்னால்தான் எனக்குப் பிடிபட்டது.

பக்கத்தில் இன்னொரு தோணிக்குக் கலப்பத்து அடித்துக்கொண்டிருந்தார்கள். பலகைக்கும் பலகைக்கும் இடையில் உள்ள இடுக்கில் பருத்திப் பஞ்சைத் திரித்து வைத்து, உளியும் கொட்டாப்புளியும் கொண்டு உள்ளே இறுக்குகிற வேலை. ஐந்தாறு பேர் வரிசையாக உட்கார்ந்து ஒரே தாளத்தில் தட்டினார்கள். பஞ்சு முழுக்க இறங்கியதும் தட்டுகிற சத்தம் மாறும். அந்த மாற்றத்தைக் கேட்டுத்தான் அடுத்த இடுக்குக்கு நகர்வார்கள். காதால் செய்கிற தச்சுவேலை ஒன்று உண்டு என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆனால் என் மனம் அதிகம் தோய்ந்து கிடப்பது தோணியில் அல்ல, கட்டுமரத்தில். எங்கள் ஊரிலிருந்து திருச்செந்தூருக்கு நடந்து போகிற கூட்டத்தில் எங்கள் வீடும் உண்டு. கடலாடிவிட்டுப் பெரியவர்கள் கோயிலுக்குள் போனால், நான் கடற்கரையோடு அமலிநகர்ப் பக்கம் நடந்துவிடுவேன். கரைக்கு வந்த கட்டுமரத்தைக் கயிறு அவிழ்த்துத் தனித்தனி மரமாகப் பிரித்து மணலில் போட்டிருப்பார்கள். லேசான மரம் என்பதால் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். வெயிலில் காய்ந்தால்தான் மறுநாள் மிதப்பு இருக்கும். விடிவதற்கு முன்னால் திரும்பவும் அடுக்கிக் கட்டுவார்கள். நடுமரம் சற்றுத் தாழ, பக்கத்து மரங்கள் சற்று உயர, முன்னாலும் பின்னாலும் குறுக்குக்கட்டை வைத்துக் கயிறு சுற்றி, காலால் மிதித்து இறுக்குவார்கள். ஆணி கிடையாது. அலையில் மரங்கள் ஒன்றோடொன்று சற்றே அசைந்து கொடுக்கும். அந்த அசைவுதான் அதைக் காப்பாற்றியது.

அந்தப் படகு ஒருநாளும் கட்டி முடிந்ததாக இருந்ததில்லை என்பதுதான் என்னைப் பிடித்து நிறுத்திய விஷயம். கடலுக்குப் போகிற ஒவ்வொரு நாளும் அது புதிதாகக் கட்டப்பட்டது. பக்கத்து மரம் மெலிந்துவிட்டால் அதை மட்டும் மாற்றலாம். நாகப்பட்டினத்தில் கோலா மீனுக்குப் போகிற கோலாமரத்தில் ஏழு மரங்களைச் சேர்த்துக் கட்டினார்கள். பாக் நீரிணையில் வத்தை ஓட்டியவர்கள் குறுக்கே ஒரு நீண்ட பலகையைக் கட்டி, காற்று ஏற ஏற அதன் நுனியில் ஆளை உட்காரவைத்துப் படகைச் சரியாமல் பிடித்தார்கள். சென்னைக் கடற்கரையில் மசூலாப் படகின் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்தார்கள். ஆணி அடித்த படகு உடைகிற அலையில் தைத்த படகு நெளிந்து கரை சேர்ந்தது. சென்னை மாகாண மீன்துறையில் பணிபுரிந்த ஜேம்ஸ் ஹார்னெல் இவற்றையெல்லாம் கரை கரையாக நடந்து பார்த்து எழுதினார். 1920இல் கல்கத்தாவின் ஆசியச் சங்கம் அதை வெளியிட்டது. அவர் எழுதி வைக்காவிட்டால் பாதிக்கு மேல் நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

ஆணியில்லாமல் கட்டுகிற ஒகேனக்கல் பரிசலும் இந்தக் குடும்பம்தான். மூங்கில் சிம்பில் பின்னிய கூடு, முன்பு அதன்மேல் தோல், இப்போது பிளாஸ்டிக் தாளும் தாரும். வடதுருவப் பகுதியில் இனுயிட் மக்கள் செய்த கயாக் கூட கரையொதுங்கிய மரத்தில் சட்டம் கட்டி, வாரால் பிணைத்து, கடல்நாய்த் தோல் போர்த்திய படகு. துடுப்புப் போடுகிறவனின் கையும் காலும்தான் அதற்கு அளவுகோல். ஒருவனின் படகு இன்னொருவனுக்குச் சரிவராது.

எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் ஐப்பசி கார்த்திகையில் குளம் பெருகுகிறபோதுதான். வாழைத்தண்டை மூங்கில் குச்சியால் கோத்துப் பையன்கள் தெப்பம் விடுவோம். தை மாதத்துக் கடைசி வெள்ளியில் ஆவுடைப் பொய்கையில் சுவாமிக்குத் தெப்பம். பீப்பாய்களின் மேல் மூங்கிலைப் பரப்பிக் கட்டும்போது தாத்தா கரையில் நின்று பார்ப்பார். ஒரு பக்கம் தாழ்ந்தால் கட்டை அவிழ்த்து ஒரு பீப்பாயை நகர்த்தச் சொல்வார். அவ்வளவுதான் எங்கள் கடலோட்டம்.

1970களிலேயே கட்டுமரத்துக்கும் வள்ளத்துக்கும் ஆகிற பெருமரங்கள் அருகி விலை ஏறத் தொடங்கிவிட்டன. 1980களின் தொடக்கத்தில் குமரி மாவட்டத்து முட்டத்தில் ஒட்டுப்பலகைப் படகு வந்தது. பலகைத் தாள்களை ஓரத்தில் துளையிட்டு, செம்புக் கம்பியால் தைத்து, இணைப்பின் மேல் கண்ணாடி நார்த்துணியும் பிசினும் பூசுகிற முறை. இங்கிலாந்தில் 1960களில் மிர்ரர் என்ற சிறு பாய்ப்படகை வீட்டு முற்றத்தில் கட்டிக்கொண்டதும், இன்று உலகமெங்கும் ஆசைக்குக் கயாக் கட்டுகிறவர்கள் பலர் செய்வதும் இதே தையல்தான். முட்டத்தில் உழைத்த பொறியாளர் பியர் ஜில்லெட், சிறு படகைப் பரப்புவது எவ்வளவு கடினம் என்று 1985இல் ஒரு புத்தகமே எழுதினார். நம் கரையில் கயிற்றால் தைத்த கை, கம்பியாலும் தைத்தது. அந்தக் கட்டத்தோடு நின்றிருந்தால்கூட எனக்கு இவ்வளவு ஏக்கம் இருந்திருக்காது. மீனவரே உளியை எடுத்துப் பக்கப்பலகையை உயர்த்தவோ பின்பக்கத்தை எஞ்சினுக்கு அகட்டவோ அதில் வழி இருந்தது.

பிறகு அச்சில் வார்க்கிற பைபர் படகு வந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு உதவி நிறுவனங்கள் அதையே மொத்தம் மொத்தமாகக் கொடுத்தன. கட்டுமரம் கரையிலிருந்து மளமளவென்று மறைந்தது. வண்ணநிலவன் 'கடல்புரத்தில்' நாவலை எழுதிய 1977இல் லாஞ்சுக்கும் வள்ளத்துக்கும் நடந்த சண்டையே பெரிதாக இருந்தது. வள்ளமும் மரமும் ஒருசேரப் போகும் என்று அன்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். எங்கள் பக்கம் சீமைக்கருவேலம் குளங்களை நிறைத்துவிட்டது. அது கரிமூட்டத்துக்கு ஆகும், வங்குக்கு ஆகாது.

சில ஆண்டுகளுக்கு முன் அமலிநகர்ப் பக்கம் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவரிடம் இதையெல்லாம் சொல்லி ஆற்றாமைப்பட்டேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சட்டையை விலக்கிக் காட்டினார். தோளில் தடித்த காய்ப்பு. "தண்ணி குடிச்ச மரத்தத் தூக்கித் தூக்கி வந்தது அண்ணாச்சி. எம் பையனுக்கு இது கெடையாது. அதுல எனக்குச் சந்தோசந்தான்" என்றார். மறுத்துச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. கட்டுவது எப்படி என்று மட்டும் கேட்டேன். வலையைக் கீழே வைத்துவிட்டார். "மொதல்ல நடுமரத்தப் போடணும். மத்தத எவன் வேணும்னாலும் போடலாம். நடுமரத்த, அன்னைக்கு யார் அணியத்துல நிக்கப் போறானோ அவன்தான் போடணும்…" என்று ஆரம்பித்தவர், வெயில் ஏறும்வரை நிறுத்தவில்லை.