நிந்தவூரில் கடைந்த பேனை

கொழும்பில் இரவு பஸ் ஏறினால் விடியும் நேரத்தில் அம்பாறையைத் தாண்டலாம். சம்மாந்துறை வயல்களைக் கடந்து காரைதீவுச் சந்தியில் இறங்கி, அக்கரைப்பற்றுப் பக்கம் போகும் பஸ்ஸில் மாறிக்கொண்டால் அடுத்த ஊர் நிந்தவூர்தான். கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவே பிரதான வீதி. நான் பிறந்த ஊர் அது.

இம்முறை நான் போனது கச்சான் வீசும் காலம். எங்கள் பகுதிப் பெண்களுக்குக் கச்சானைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மற்றச் சகோதரிகளுக்காகச் சொல்கிறேன். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் வற்றி, சூடேறி எங்கள் கரைக்கு இறங்கி வரும். முற்றம் கூட்டி முடிப்பதற்குள் மறுபடியும் மண் படிந்திருக்கும். சோற்றுப் பானையைத் திறந்து வைக்க முடியாது.

நான் பிறந்த வீடு இப்போது ராத்தாவின் வீடு. எங்கள் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். "வா புள்ள, பயணம் எப்பிடி?" என்று வாசலுக்கு வந்த ராத்தா, அடுத்த வார்த்தை பேசுமுன் இருமத் தொடங்கினார். இருமல் நிற்க வெகுநேரம் எடுத்தது. "ஆஸ்பத்திரியில தொய்வு எண்டாங்க" என்றார்.

ராத்தாவின் மகன் கத்தாரில் ஐந்து வருடம் தளபாடக் கடையொன்றில் வேலை செய்துவிட்டு வந்தவன். பகலில் ஊரிலுள்ள மரவேலைக் கடையில் கட்டில் கால் கடைகிறான். மாலையில் வீட்டின் மேற்குப் பக்கத்துக் கொட்டிலில் சின்னக் கடைசல் மெஷினை வைத்துப் பேனை செய்கிறான்.

"சாச்சி, இதத் தூக்கிப் பாருங்க" என்று ஒரு பேனையைத் தந்தான். பழைய வெண்கலக் குத்துவிளக்கின் நிறம். கனம் இருக்குமென்று நினைத்துக் கை நீட்டினேன். அவ்வளவு கனம் இல்லை. "வெண்கலமில்ல சாச்சி. வெண்கலத் தூளை ரெசினில கலந்து வார்த்த கட்டை. வெளிநாட்டிலருந்து தபாலில எடுக்கிறன்" என்றான்.

கட்டை ஒரு சாண் நீளம்கூட இல்லை. அதைக் குழாயின் அளவுக்கு வெட்டி, நடுவே துளை போட்டு, உள்ளே பித்தளைக் குழாயைப் பசை வைத்து ஒட்டுகிறான். துளை போடும்போது அவசரப்படக் கூடாதாம். சூடேறினால் கட்டை வெடித்துவிடும். துளைக்கும் ஊசியை அடிக்கடி வெளியே இழுத்துத் தூளைத் தட்டிவிட வேண்டும். பிறகு கம்பியில் கோத்து மெஷினில் பூட்டிச் சுழலவிட்டு உளி வைக்கிறான். மரத்தைப் போல இது சுருள் சுருளாகச் சீவிக்கொண்டு வராது. உலோகத் தூள் உளியின் கூரைச் சீக்கிரமே தின்றுவிடும். அதனால் கார்பைட் முனை வைத்த உளியைத்தான் பாவிக்கிறான்.

கடைந்த உடனே பார்த்தால் சாம்பல் பூத்த கரித்துண்டு போலிருந்தது. சேன்ட் பேப்பரை நீரில் நனைத்து, கரடானதில் தொடங்கி மெல்லியது வரை ஒவ்வொன்றாகத் தேய்க்கத் தேய்க்க, ரெசினுக்குள் புதைந்திருந்த தூள் வெளிப்பட்டு மின்னத் தொடங்கியது. உள்ளே இருப்பது உண்மையான வெண்கலத் தூள் என்பதால் காற்றுப் பட்டால் நாளடைவில் கறுக்கும். அதற்காக மேலே ஒரு மெல்லிய பூச்சும் பூசுகிறான்.

இன்னொரு கட்டையில் நீரலை போல வரிவரியாகக் கோலம் ஓடியது. "இது டமஸ்கஸ் உருக்கு மாதிரி" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. திமிஷ்க் நகரின் பெயரைத் தாங்கிய அந்த வாள்களுக்கு உருக்குப் போனது தென்னிந்தியாவிலிருந்தும் நம் தீவிலிருந்தும்தான். 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்கிந்தி, வாள்களைப் பற்றி எழுதிய நூலில் ஸரந்தீப் உருக்கைக் குறிப்பிட்டிருக்கிறார். சமனலவெவப் பகுதியின் மலைச்சரிவுகளில் பழைய இரும்பு உலைகளை ஆராய்ந்த ஜில்லியன் ஜுலெப், 1996இல் தம் முடிவுகளை வெளியிட்டார். 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரையில் அங்கே துருத்தி இல்லாமல், பருவக்காற்றின் வேகத்தை மட்டும் நம்பி உருக்கு எடுத்திருக்கிறார்கள். அங்கே உலையை மூட்டிய காற்றுத்தான் மலை தாண்டி எங்கள் முற்றத்துக்குக் கச்சானாக வருகிறது. அந்த உருக்கின் சாயலை இன்று ரெசினில் வார்த்து, அதன் ஊருக்கே தபாலில் அனுப்புகிறார்கள்!

அன்று அஸருக்குப் பின் மூன்று பேர் வந்தார்கள். ஓய்வு பெறும் தங்கள் ஆசிரியர்கள் மூவருக்குப் பழைய மாணவர்கள் சார்பில் அன்பளிப்புக் கொடுக்க வேண்டுமாம். பேனையைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "வெண்கலந்தானே தம்பி?" என்று ஒருவர் கேட்டார்.

"இல்ல காக்கா. வெண்கலத் தூளும் ரெசினும். பாக்கத்தான் வெண்கலம்" என்றான் மகன்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "அப்ப விலையக் குறைங்களன்" என்றார் இன்னொருவர். "விலை கட்டைக்கில்ல, கைவேலைக்கி" என்றான். யோசித்துச் சொல்வதாகப் போய்விட்டார்கள்.

உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த ராத்தாவுக்குத் தாங்கவில்லை. "அவங்களே வெண்கலம் எண்டு நினைச்சா ஒனக்கென்ன மனே? நீ பொய் சொல்லல்லயே" என்றார்.

"அவர் கேட்டாரே உம்மா. கேட்டதுக்குப் பிறகு வாய மூடிட்டு இருந்தா அதுவும் பொய்தானே" என்றான்.

ராத்தா பதில் சொல்லவில்லை. இருமல் வந்துவிட்டது.

அந்த இருமலைக் கேட்டபோதுதான் கொட்டில் மேற்கே இருப்பது என் மனதில் தைத்தது. சாம்பல் நிறத் தூள் கொட்டிலின் தரையிலும் அவன் சட்டையிலும் இருந்தது; குசினி யன்னல் கட்டையைத் துணியால் துடைத்தேன், அங்கேயும் இருந்தது. மேற்கிலிருந்து வரும் கச்சான் அதை நேரே குசினிக்குள் கொண்டுவருகிறது. அடுப்பின் முன்னால் நிற்பது ராத்தா.

"மகன், வாங்க வந்தவங்களுக்கு உள்ளே இருக்கிறதச் சொன்னா. உம்மாக்குச் சொன்னியா, இந்தத் தூள் நெஞ்சுக்குள்ள போனா என்ன செய்யுமெண்டு?" என்று கேட்டேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். மாஸ்க் வாங்கி வைத்திருக்கிறானாம், வெக்கையில் போடுவதில்லையாம். உம்மாவைப் பற்றி நினைக்கவேயில்லை என்றான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்குப் பிறகு மச்சானும் அவனும் சேர்ந்து மெஷினைக் கழற்றி, வீட்டின் கிழக்குப் பக்கம், பழைய விறகுக் கொட்டிலுக்கு மாற்றினார்கள். இனிக் கச்சான் தூளைக் கடல் பக்கம் கொண்டுபோகும். "மாரியில வாடைக்காத்துத் திரும்பி வருமே?" என்று ராத்தா கேட்டார். அப்போது கதவை மூடிவைப்பது, தேய்ப்பதை எப்போதும் ஈரத்திலேயே செய்வது, வேலை முடிந்ததும் தரையை ஈரத்துணியால் துடைப்பது, சட்டையைக் கழற்றிவிட்டே வீட்டுக்குள் வருவது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி வாக்கு வாங்கினோம். வாயில் கட்டும் கைக்குட்டை நுண்ணிய தூளைத் தடுக்காது. அதற்கென்றே உள்ள மாஸ்க்கைத்தான் போட வேண்டும்.

சகோதரிகளே, வீட்டோடு தொழில் செய்யும் பிள்ளைகள் இன்று நம்மிடையே பலர். மரம், பெயின்ட், ரெசின் எதுவானாலும், வருமானம் வருகிறதே என்று சந்தோஷப்படுகிறோம். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, குசினி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் புறப்பட்ட அன்று காலை அந்த மூவரில் ஒருவர் மட்டும் திரும்பி வந்தார். மூன்று பேனை கேட்டவர்கள் ஒன்றுதான் எடுத்தார்கள். "பெட்டிக்குள்ள ஒரு துண்டில எழுதி வைங்க தம்பி, என்னத்தால செஞ்சதெண்டு. சேர் கட்டாயம் கேப்பார்" என்றார்.

மகன் எழுதிக்கொண்டிருந்தான். ராத்தா குசினி யன்னலைத் திறந்து வைத்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்றினார்.