சுக்குப் பிஸ்கோத்து

திருக்குர்ஆனின் 76-ஆம் அத்தியாயமாகிய ஸூரத்துத் தஹ்ரை மாணவர்க்கு ஓதிக் கொடுக்கும் போதெல்லாம், அதன் 17-ஆம் வசனத்தில் நாம் சற்றே நின்றுவிடுவது வழக்கம். சுவனவாசிகளுக்கு அளிக்கப்படும் பானத்தில் 'ஸன்ஜபீல்' கலந்திருக்கும் என்று அங்கே அல்லாஹ் அறிவிக்கின்றான். ஸன்ஜபீல் என்பது இஞ்சி என்றதும் பிள்ளைகளின் முகங்களில் புன்னகை அரும்பும். சுவனத்தில் பாலும் தேனும் உண்டென்று கேட்டிருக்கிறார்கள். கடைத்தெருவில் கிடைக்கும் இஞ்சியுமா என்பது அவர்களது வியப்பு!

அச்சொல்லின் வரலாறோ அதனினும் வியப்புடையது. பிறமொழிகளிலிருந்து அரபியில் வந்து கலந்த சொற்களுள் ஒன்றாக இதனை இமாம் ஸுயூத்தி (ரஹ்) அவர்கள் தம் 'அல்இத்கான்' நூலில் எண்ணியுள்ளார்கள். பாலியில் சிங்கிவேர, கிரேக்கத்தில் ஸிங்கிபெரிஸ், ஆங்கிலத்தில் ஜிஞ்சர் என வழங்குவன யாவும் ஒரே குடும்பத்தவை. அவற்றின் அடியில் கிடப்பவை நம் தென்னாட்டு 'இஞ்சி'யும் 'வேரு'மே என்பது மொழிநூலார் பலரின் கருத்து. மலையாளக் கரையில் மரக்கலம் ஏறிய கிழங்கு, அரபு வணிகர் முதலியோர் கைமாறி ஐரோப்பாவை அடைந்தது. அங்குள்ளோர் அதனை மாவிலும் இனிப்பிலும் கலந்து சுட்டனர். ஜெர்மனியின் நூரன்பர்க் நகரம் மசாலா கலந்த இத்தகைய பண்டத்துக்கு இன்றும் பெயர் பெற்றது.

அப்பண்டத்தின் உறவினமாகிய மெல்லிய இஞ்சிப் பிஸ்கோத்து நம் அடுக்களைக்குள் நுழைந்தது, நமது உம்மாவின் பொருட்டு. 80 வயதைக் கடந்த அவர்களுக்குச் சென்ற ஆண்டு ஒரு காய்ச்சல் கண்டது. காய்ச்சல் நீங்கிய பின்னும் உணவில் நாட்டம் திரும்பவில்லை. பற்களும் இல்லை. கஞ்சியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக் கொண்டார்கள். தொழுகைக்கு எழுந்து அமர்வதற்கும் ஒருவர் கைகொடுக்க வேண்டியதாயிற்று. "எதைக் கேட்டாலும் கொடுங்கள், உண்ண வைப்பதுதான் இப்போது மருந்து" என்றார் மருத்துவர். கேட்பதற்குத்தான் அவர்களிடம் ஆசை எதுவும் எஞ்சியிருக்கவில்லை.

நம் மகள் ஒரு மாலையில் பிஸ்கோத்துச் சுட்டுத் தேநீருடன் கொண்டுபோய் வைத்தாள். உம்மா ஒரு விள்ளல் வாயிலிட்டு, நாரைத் துப்பினார்கள்.

"சுக்கா போட்டிருக்கே?"

"ஆமா வாப்பும்மா."

"தோலைச் சீவினியா? சுக்குக்கு வெளியிலேதான் நஞ்சு. சீவி இடிச்சு, மெல்லிசு துணியிலே சலிச்சுப் போடு."

பல வாரங்களுக்குப் பின் அவர்கள் தாமாகவே பேசிய நீண்ட பேச்சு அதுதான். மறுநாள் அவர்கள் சொன்னபடியே சுக்கு ஆயத்தமாயிற்று.

வீட்டில் சுட விரும்புவோர்க்காக அளவைச் சொல்லி விடுகிறோம். மைதா 280 கிராம், வெண்ணெய் 170 கிராம், நாட்டுச் சர்க்கரை 200 கிராம், கெட்டியான வெல்லப்பாகு 85 கிராம், முட்டை ஒன்று. சுக்குத் தூள் 2 தேக்கரண்டி, பட்டைத் தூள் முக்கால், கிராம்புத் தூள் அரை, சமையல் சோடா 1 தேக்கரண்டி, சிறிது உப்பு. வெண்ணெயையும் சர்க்கரையையும் நன்கு குழைத்து, முட்டையும் பாகும் சேர்த்து, பின்னர் மாவு வகைகளைக் கலந்து, ஒரு மணி நேரம் குளிர வைக்க வேண்டும். பெருநெல்லிக்காய் அளவு உருட்டி, இடைவெளி விட்டுத் தட்டில் அடுக்கி, 175 பாகை வெப்பத்தில் சுமார் 10 நிமிடம் சுட்டால் போதும். பச்சை இஞ்சியைவிடச் சுக்குக்கே காரம் மிகுதி. இஞ்சி உலரும்போது அதன் ஜிஞ்சரால் என்னும் சத்தில் ஒரு பகுதி, காரம் மிகுந்த ஷோகாலாக மாறுவதே காரணம்.

மென்மைக்குக் காரணம் இரண்டு. வெல்லப்பாகு ஈரத்தை விடாமல் பிடித்து வைக்கிறது, இது ஒன்று. ஓரம் வெந்து நடு இன்னும் வேகாதது போல் தோன்றும்போதே அடுப்பிலிருந்து எடுத்துவிடுவது மற்றொன்று. தட்டின் சூடே எஞ்சிய வேலையை முடித்துவிடும். முற்றிலும் வேகட்டும் என்று காத்திருந்தால், ஆறிய பின் அது கல்லாகும். ஓதிக் கொடுப்போரும் கருத வேண்டிய பக்குவம் இது!

காலையில் ஒன்று, அஸருக்குப் பின் ஒன்று என உம்மா தேநீரில் தோய்த்து உண்ணலானார்கள். அவர்களுக்குச் சர்க்கரை நோய் இல்லை. அந்நோய் உடையோர்க்கு இப்பண்டம் ஆகாது. ஒரு மாதம் செல்வதற்குள், "கஞ்சி இருக்கா?" என்று அவர்களே கேட்டார்கள். பிஸ்கோத்து நோயைத் தீர்த்தது என்று நாம் கூற வரவில்லை. ஷிஃபா அளிப்பவன் அல்லாஹ் ஒருவனே. எனினும், மூடிக் கிடந்த வாயைத் திறக்க அது ஒரு காரணமாயிற்று. பண்டத்தைவிட, பக்குவம் கேட்டு அவர்கள் முன் ஒரு பெண் அமர்ந்ததே பெரிய காரணம் என்று நாம் எண்ணுகிறோம்.

முதியோர் வாழும் இல்லங்கள் நம்மிடையே பல. வேளைக்கு உணவு வைப்பதோடு நம் கடமை முடிந்துவிடுமா? அவர்தம் வாய்க்கு இசைந்தது எது என எண்ணிப் பார்ப்பதும், அவர்கள் அறிந்ததைக் கேட்டுக் குறித்துக் கொள்வதும் பெற்றோர்க்குச் செய்யும் உபகாரமே ஆகும். உம்மாவின் வட்டலப்பமும் தொதலும் இப்போது நம் மகளின் குறிப்பேட்டில் ஏறி வருகின்றன. 'கைப்பிடி' என்று உம்மா சொல்வதை அவள் தராசில் நிறுத்து எழுதிக் கொள்கிறாள். இன்னும் எழுத வேண்டியது நிறைய இருக்கிறது.