கைதட்ட மட்டுமா கன்னியர்?

நாட்டைத் திருத்தப் புறப்பட்டோருக்கு நகைச்சுவைப் படத்திலே என்ன வேலை என்று கேட்பர் சிலர். கல்லூரி வாயில், காளையர் ஆட்டம், கன்னியர் கைதட்டல், நடுவே நான்கு பாட்டு, முடிவிலே மாலை மாற்றல். இதில் ஆராய என்ன இருக்கிறது, பொழுதுபோக்குத்தானே என்பர். பொழுதுபோக்குத்தான்! ஆனால், போகிற பொழுது வெறுங்கையோடு போவதில்லை, தோழர்களே! நம் மனத்திலே ஓர் எண்ணத்தை வைத்துவிட்டுப் போகிறது. அல்லது அங்கிருந்த ஓர் எண்ணத்தை எடுத்துக்கொண்டு போகிறது. வைத்தது எது, எடுத்தது எது என்று கணக்குப் பார்ப்பது வீண் வேலையன்று.

நாம் கலைக் கல்லூரியிலே பட்டம் பெற்று, மயிலைப் பகுதிப் பள்ளியொன்றிலே ஆசிரியப் பணி செய்கிறோம். சென்ற ஆண்டு பள்ளி விழாவுக்கு 20 நிமிட நாடகம் ஒன்று வேண்டுமென்றார்கள். புராணக் கதை வேண்டாம், கல்லூரிக் கதை வேண்டும், பாட்டு வேண்டும், சிரிக்கவும் வேண்டும் என்று மாணவியர் கட்டளையிட்டனர். ஆசிரியர் அறையிலே ஒருவர், "பள்ளிப் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் காதல் எதற்கு?" என்று முகம் சுளித்தார். அரசவையிலே மணிமுடி தரித்து ஆடினால் ஆகுமாம். கல்லூரி மாணவியாக ஆடினால் ஆகாதாம்! மாதிரி தேடிப் பழைய படங்களைப் பார்க்கத் தொடங்கினோம். பள்ளி முடிந்த மாலைகளிலே, வகுப்பறைச் சுவரே வெள்ளித்திரை, பிள்ளைகளே அவையோர்.

இந்தக் கலை வளர்ந்த கதை சுவையானது. 1926ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள், நியூயார்க் நகரிலே வார்னர் நிறுவனத்தார் 'வைட்டஃபோன்' என்னும் முறையைப் பொதுமக்கள் முன் வைத்தபோது, ஒலித்தவற்றிலே பல சின்னஞ்சிறு இசைப் படங்களே. பெரிய படத்துக்கு முன்னே சிறிய படம் காட்டும் பழைய வழக்கத்தோடு பாட்டும் வந்து சேர்ந்தது. ஒரு சுருள் என்றால் 1,000 அடி. பேசும்படத்தில் அது ஓடி முடிய ஏறத்தாழ 11 நிமிடம். இரு சுருளுக்குள் ஒரு கல்லூரி, ஒரு பந்தாட்டம், ஓர் ஊடல், ஒரு கூடல், மூன்று பாட்டு, அத்தனையும் அடங்கவேண்டும்! விரிக்க நேரமில்லை, ஆகவே எல்லாரும் அறிந்த அச்சிலேயே வார்த்தார்கள். முரட்டு வீரன், மூக்குக் கண்ணாடிப் பேராசிரியர், முறுவல் பூத்த மங்கை. முகத்தைக் காட்டியதும் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

நெடும் படங்களும் அதே அச்சுத்தான். 1925இல் ஹரால்டு லாய்டு நடித்த ஊமைப்படத்திலே, பந்தாட்டக் குழுவுக்குத் தண்ணீர் சுமந்த மாணவன் கடைசி ஆட்டத்திலே களமிறங்கி வாகை சூடுகிறான். 1927இல் நியூயார்க் மேடையேறிய 'குட் நியூஸ்' என்ற இசை நாடகம், 1930இலும் 1947இலும் படமாயிற்று. ஆட்ட வீரன் தேர்விலே தேறவேண்டும், தேறினால்தான் ஆடலாம். பெண்ணொருத்தி அவனுக்குப் பாடம் சொல்லித் தருகிறாள். நாடகத்திலே வானநூல், 1947 படத்திலே பிரெஞ்சு மொழி. அவன் தேறுகிறான், ஆடுகிறான், வெல்கிறான். அறிவு அவளுடையது, ஆட்டம் அவனுடையது! களத்திலே விசில் ஒலித்தபின் அவள் இடம் எது? பார்வையாளர் வரிசை!

நம் நாட்டுக்கு வருவோம். தமிழ் பேசும்படம் பிறந்தது 1931இல். புராணம் புரண்டோடிய அந்நாளிலே சிரிப்புக்கென்று தனிப்படம் எடுக்கும் துணிவு சிலருக்கு வந்தது. 1939இல் வெளிவந்த 'சிரிக்காதே', தனித்தனிக் குறும்படங்களைக் கோத்த நகைச்சுவை மாலை. 1941இல் வந்த 'சந்திரஹரி', பம்மல் சம்பந்தனாரின் நாடகம். அரிச்சந்திரனைத் தலைகீழாகக் கவிழ்த்து, மறந்தும் மெய் பேசாத மன்னனாக்கிக் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் நடித்தது. கலைவாணர் தம் குழுவினரோடு நகைச்சுவைப் பகுதியைத் தாமே அமைத்துப் பெரிய படங்களிலே இணைத்துவந்ததும் நாடறிந்தது. ஒவ்வொரு பகுதியும் படத்துக்குள் ஒரு குறும்படம்!

அதே 1941இல், அடையாற்றிலே அட்மிரால்டி மாளிகையில் இயங்கிய பிரகதி ஸ்டூடியோவிலே 'சபாபதி'யை எடுத்தார் ஏ.வி.மெய்யப்பன். இதுவும் பம்மலாரின் படைப்பே. செல்வர் வீட்டுப் பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை. எசமானுக்கும் சபாபதி என்று பெயர், ஏவலாளுக்கும் சபாபதி என்று பெயர். டி.ஆர்.ராமச்சந்திரனும் காளி என்.ரத்தினமும் விலா நோகச் சிரிக்க வைத்தனர். சிரித்து முடித்தபின் ஒன்று தைக்கிறது. எசமான் சபாபதி எத்தனை முறை தோற்றாலும் பள்ளிக்கூடம் அவனுக்குக் காத்திருக்கும். ஏவல் சபாபதிக்கோ, தோற்பதற்குக்கூடத் தேர்வு இல்லை! பெயர் ஒன்றுதான், பிறப்பு வேறு.

அந்த ஏவல் சபாபதி படிக்கப் போனால்? அதுதான் கிந்தனார்! 1949இல் அறிஞர் அண்ணாவின் கதை வசனத்திலே, கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்திலே வந்த 'நல்லதம்பி'யிலே கலைவாணர் நிகழ்த்திய கதாகாலட்சேபம். நந்தனார் சரித்திரத்தின் மெட்டு, நந்தனார் சரித்திரத்தின் நடை. பொருள் மட்டும் புதிது. நந்தன் தில்லைக்குப் போக ஏங்கினான். கிந்தன் படிப்புக்கு ஏங்கிச் சென்னைக்கு வந்தான். நந்தன் தீயிலே புகுந்து 'தூய்மை' பெறவேண்டியிருந்தது. கிந்தனோ கல்வி அதிகாரியாகி ஊர் திரும்பினான். தீ தேவைப்படவில்லை, தேர்வு போதுமானதாயிற்று! 1951 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுத்தறிந்தோர் 100க்கு 18 பேர். பெண்களிலோ 100க்கு 9 பேர். அந்த இருட்டிலே, இசையும் சிரிப்புமாகச் சில நிமிடங்களிலே ஏற்றிய விளக்கு அது. 1969 ஜனவரியிலே தியாகராயநகரில் கலைவாணர் சிலையைத் திறந்துவைத்தார் அண்ணா. அவர் கலந்துகொண்ட இறுதிப் பொதுநிகழ்ச்சி அதுவே. சிரிக்க வைத்தவனுக்குச் சிலை எழுப்பிய நகரம் நம் நகரம்!

விளக்கு அணையவில்லை. 2021–22ஆம் ஆண்டுக் கணக்கிலே இந்தியாவின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 28 விழுக்காடு, தமிழ்நாட்டிலே 47. கிந்தனின் பேரன் பேத்தியர் கல்லூரியிலே இருக்கிறார்கள். ஆனால் திரையிலே?

1964இல் ஸ்ரீதர் தந்த 'காதலிக்க நேரமில்லை'யைச் சுவரிலே ஓட்டினோம். சென்னையிலே படித்துவிட்டு ஊர் திரும்பும் பெண்கள், மெரினாக் கடற்கரைப் பாட்டு, நாகேஷின் 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்'. வகுப்பறை அதிர்ந்தது. 2007இல் வந்த 'சென்னை 600028'ஐயும் ஓட்டினோம். அந்த எண் நம் பக்கத்துத் தபால் எண். தெருவிலே மட்டை வீசும் இளைஞர் கதை. நம் தெரு என்று கூவினார்கள் பிள்ளைகள். கூச்சல் அடங்கியதும், கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"டீச்சர், எல்லாப் படத்துலயும் பொண்ணு கைதான் தட்டுறா. அவ எப்போ ஓடுவா?"

நொச்சிக்குப்பத்துப் பெண் அவள். பள்ளியிலே 400 மீட்டர் ஓட்டத்தில் அவளை முந்த ஆளில்லை. அவள் கேட்டது திரைப்படக் கேள்வியன்று என்பது நமக்கு அடுத்த வாரம்தான் விளங்கிற்று. மாவட்டப் போட்டிக்குப் பெயர் கொடுத்தவள், பெயரைத் திரும்பப் பெற்றாள். அவள் தாயாரைக் காணச் சென்றோம். மீன் அலசிய கையைத் துடைத்தபடி அந்த அம்மையார் சொன்னார்:

"வயசுக்கு வந்த பொண்ணு, டீச்சரம்மா. அரை டவுசர் போட்டுக்கினு மைதானத்துல ஓடினா, நாளைக்கு யாரு கட்டிக்குவான்?"

"விடியுமுன்னே காசிமேட்டுக்கு மீன் எடுக்க ஓடுறீங்களே, உங்களை யாரும்மா தடுத்தாங்க?" என்று கேட்டோம்.

"அது வயித்துக்கு ஓடுற ஓட்டம்" என்றார்.

எத்துணை உண்மை! வயிற்றுக்காகப் பெண் ஓடலாம். கூடை சுமந்து ஓடலாம். பேருந்தைப் பிடிக்க ஓடலாம். அப்போதெல்லாம் மானம் போவதில்லை, மரபு கெடுவதில்லை. மகிழ்ச்சிக்காக ஓடினால் மட்டும் குடும்பமே கவிழ்ந்துவிடுமாம்! இந்தச் சட்டத்தை அந்த அம்மையாரா இயற்றினார்? இல்லை. மனு முதல் மாப்பிள்ளை வீட்டார்வரை எழுதிவைத்த சட்டம், அவர் வாய்வழியே வந்தது. அதை அவருக்கு ஒப்புவித்துக்கொண்டே இருந்தவற்றிலே, பெண்ணைக் கைதட்ட மட்டும் உட்காரவைத்த நம் படங்களும் உண்டு.

மறுப்புரையும் உண்டு. 2018இல் 'கனா' வந்ததே, 2019இல் 'பிகில்' வந்ததே, பெண்கள் ஆடினார்களே என்பர். ஆடினார்கள், பாராட்டுகிறோம். எனினும் இரண்டிலும் வழிகாட்ட ஆண் பயிற்சியாளன் வந்தாக வேண்டியிருக்கிறது. அழுது தீர்த்தபின்தான் வெற்றி கிடைக்கிறது. ஆண் ஆடினால் கூத்து, கும்மாளம்; பெண் ஆடினால் கண்ணீர், தியாகம். பெண் களத்திலே விழுந்து எழுந்து, தன்னைத் தானே கேலி செய்து சிரிக்கும் உரிமை எப்போது வரும்? சிரிக்கும் உரிமை சிறிய உரிமையன்று, தோழர்களே!

காதலுக்கும் இதே கணக்குத்தான். 'காதலிக்க நேரமில்லை'யிலே காதலுக்குத் தடை பணம், சாதியன்று. ஏழைக் காதலன் செல்வன் மகனாக வேடமிடுகிறான்; வேடம் கலைகிறது, வீடு சிரிக்கிறது. அப்படம் உருவானது பொள்ளாச்சியை அடுத்த ஆழியாற்றுப் பக்கம். அதே பொள்ளாச்சியிலே, ஒரு பொறியியல் கல்லூரியிலே சங்கரும் கௌசல்யாவும் காதலித்தனர். சாதி மறுத்து மணந்தனர். 2016 மார்ச் 13ஆம் நாள், உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையப் பகுதியிலே, பட்டப்பகலிலே, பலர் பார்த்திருக்கச் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். கௌசல்யா படுகாயத்தோடு பிழைத்தார். பணமில்லாக் குறையை வேடம் மறைக்கும். பிறந்த சாதியை மறைக்க எந்த ஒப்பனைக்காரரிடம் போவது? கல்லூரிக் காதலைப் பாடிய நம் திரை, அந்தக் காதலின் உண்மைப் பகைவனை மேடைக்கே அழைக்காமல் அரைநூற்றாண்டு சிரித்துவிட்டது. சிரித்தது குற்றமன்று, யாரைப் பார்த்துச் சிரிக்கவேண்டுமோ அவரை விட்டுவிட்டதே குற்றம். அரிச்சந்திரனையே கேலி செய்த கலைக்குச் சாதிச் சங்கத்துப் பெரியதனக்காரரைக் கேலி செய்யவா நா எழாது?

நாடகத்தை மாணவியரே எழுதினர். ஓட்டக்காரி ஒருத்திக்குக் கணக்கு வரவில்லை, தேறினால்தான் போட்டி. கணக்கிலே கெட்டிக்காரப் பையன் சொல்லித் தருகிறான். போட்டியன்று அவன் பார்வையாளர் வரிசையிலே தண்ணீர்ப் புட்டியோடு நின்று, கைதட்டிக் கைதட்டி உள்ளங்கை சிவந்து பாடுகிறான். பழைய அச்சைத் திருப்பிப் போட்டார்கள், அவ்வளவுதான். அரங்கம் குலுங்கியது. கூட்டத்திலே அந்தத் தாயாரும் சிரித்ததைக் கண்டோம். மகள் பெயர் அடுத்த போட்டிப் பட்டியலிலே ஏறியது. அரைக்கால் சட்டைக்குப் பதில் முழுக்கால் சட்டை என்பது உடன்பாடு. முழு வெற்றியன்று, ஆனால் அவள் ஓடினாள்.

கூட்டம் போட்டுப் பேசியும் அசையாத மனத்தை, 20 நிமிடச் சிரிப்பு ஓரங்குலம் நகர்த்தியது. அந்த ஓரங்குலத்தை இகழ வேண்டாம். மயிலையிலும் மந்தைவெளியிலும், அடையாற்றிலும் தியாகராயநகரிலும் படிப்பகமும் மன்றமும் நடத்தும் இளைஞர்காள்! பெரிய முதல் வேண்டாம், பெரிய அரங்கு வேண்டாம். இரு சுருள் நீளம் போதும். சாதி பார்க்கும் மாமனாரைக் கோமாளியாக்குங்கள்; காதலிக்கு அறிவோடு ஆட்டமும் கொடுங்கள்; கிந்தன் மகளைக் களத்திலே இறக்குங்கள். கைதட்டுவதற்கு நாம் இருக்கிறோம்!