நூறு மைல் நட்சத்திரம்

உங்கள் வீட்டுப் பெண் பள்ளிக்கூடம் போகிற சைக்கிளைச் சற்று உற்றுப் பாருங்கள். 'பி.எஸ்.ஏ.' என்ற மூன்று எழுத்து அதில் இருந்தாலும் இருக்கும். அம்பத்தூர்க் கம்பெனி விற்றுப் பெயர் வாங்கிய சைக்கிள்தான்; ஆனால் அந்த மூன்று எழுத்தும் கடல் தாண்டி வந்தவை. இங்கிலாந்தில், பர்மிங்ஹாம் நகரில், 1861-ல் துப்பாக்கி செய்யக் கிளம்பிய ஒரு கம்பெனியின் சுருக்கப் பெயர் அது. துப்பாக்கிக்குப் பிறகு சைக்கிள், அதற்கப்புறம் மோட்டார் சைக்கிள் என்று வளர்ந்தது. அந்த மோட்டார் சைக்கிள்களில் ஒன்றின் பெயர் 'கோல்டு ஸ்டார்'. தங்க நட்சத்திரம்!

இரும்பு வண்டிக்கு நகைக்கடைப் பெயர் எப்படி வந்தது? தெரிந்துகொள்ள வேண்டுமானால் லண்டன் வாட்டர்லூ ஸ்டேஷனில் ரயில் ஏறுங்கள். ஏறக்குறைய அரை மணியில் வெய்பிரிட்ஜ் என்ற ஊர் வரும். அங்கேதான் புரூக்லண்ட்ஸ் இருக்கிறது.

பொருட்காட்சியில் 'மரணக் கிணறு' பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? கிணற்றுச் சுவரிலே மோட்டார் சைக்கிள் விர்விர்ரென்று சுற்றுமே, அதே சூத்திரம்தான் இங்கும். வேகமாகப் போகிற வண்டி திருப்பத்தில் வெளியே தூக்கி எறியப்படாமல் இருக்கப் பாதையையே சாய்த்துக் கட்டிவிட்டார்கள். நூறு அடி அகலம். திருப்பங்களில் ஏறக்குறைய முப்பது அடி உயரம். ஒரு சுற்று 2¾ மைல். முழுக்க முழுக்கக் காங்கிரீட். பந்தயத்துக்கென்றே இப்படியொரு பாதை அதற்கு முன் உலகில் கிடையாது. லாக் கிங் என்ற பணக்காரர் தம் சொந்த நிலத்தில் கட்டினார். கட்டி முடிப்பதற்குள் அவர் சொத்து கரைந்துபோயிற்று. அவர் மனைவி எதல் அம்மாளும் அவருடைய பிறந்த வீட்டாரும்தான் கைகொடுத்தார்கள். 1907-ல் திறப்பு விழா நடந்தபோது கார் வரிசைக்கு முன்னால் தம் காரைத் தாமே ஓட்டிப் போனவர் அந்த அம்மாள்!

இந்தப் பாதையில் பந்தயத்தின்போது மணிக்கு நூறு மைலுக்குக் குறையாமல் ஒரு சுற்று சுற்றிவிட்டால், மோட்டார் சைக்கிள் கிளப்பார் ஒரு சின்னஞ்சிறு தங்க நட்சத்திரம் கொடுப்பார்கள். கோட்டில் குத்திக்கொள்ளலாம். 1937 ஜூனில் வால்ட்டர் ஹாண்ட்லி என்ற வீரர் ஒரு பி.எஸ்.ஏ. வண்டியில் 107 மைலுக்கு மேல் ஓட்டி அதை வாங்கினார். கம்பெனிக்காரர்களுக்குத் தலைகால் புரியவில்லை. மறு வருஷமே 'கோல்டு ஸ்டார்' என்று பெயரிட்டு ஒரு வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். யுத்தம் வந்து நிறுத்தியது. 1948-ல் மீண்டும் பிறந்தது.

அது தெருவில் ஓட்டுகிற வண்டியா, பந்தய வண்டியா என்று கேட்டால் இரண்டும்தான். ஒவ்வொரு எஞ்சினையும் தனியே ஓட்டிப் பார்த்து, அதன் பலம் இவ்வளவு என்று எழுதி, வண்டியோடு கொடுப்பார்கள். ஜாதகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்! ஐல் ஆப் மேன் தீவில், கடையில் விற்கிற வண்டிகளுக்கென்றே நடந்த பந்தயத்தின் 350 சி.சி. பிரிவில், 1949 முதல் 1956 வரை வருஷா வருஷம் ஜயித்தது இதுதான். கடைசியில் கலந்துகொள்பவர்கள் எல்லாருமே ஏறக்குறைய இதையே கொண்டுவந்தால் பந்தயத்தில் என்ன சுவாரசியம்?

ஆனால் கடைத்தெருவுக்குப் போய் வர இதைப் போல் தொந்தரவு பிடித்தது வேறில்லை. 1956-க்குப் பின் வந்த 500 சி.சி. வண்டியில் முதல் கியரிலேயே மணிக்கு அறுபது மைல் போகலாம். அப்படியானால் மெதுவாகப் போவது எப்படி? கிளட்சைப் பாதி பிடித்தபடியே ஊர வேண்டும். நின்றால் எஞ்சின் நிதானமாக ஓடாது, அணைந்துபோகும். மறுபடி உதைக்க வேண்டும். ஹாண்டில்பாரோ தாழ இருக்கும். முதுகு வளைந்தே தீர வேண்டும். அப்படியும் அந்தக் காலத்து வாலிபர்கள் கடன் வாங்கி வாங்கினார்கள். 1963-ல் உற்பத்தி நின்றது.

இப்போது ஒரு ரகசியம். ஹாண்ட்லி நட்சத்திரம் வாங்குவதற்கு மூன்று வருஷம் முந்தியே, 1934-ல், இரண்டு பெண்கள் அதை வாங்கிவிட்டார்கள்! ஒருவர் பிளாரன்ஸ் பிளென்கிரன். மற்றவர் பீட்ரிஸ் ஷில்லிங் என்ற எஞ்சினீயர். 1939-ல் தெரஸா வாலக் மூன்றாவதாகச் சேர்ந்தார். அவர்கள் பெயரால் எந்தக் கம்பெனியும் வண்டி விடவில்லை என்பது எனக்குக் கொஞ்சம் வருத்தந்தான்.

ஷில்லிங் அம்மாள் ஓட்டியது ஒரு நார்ட்டன். வேகம் 106 மைல். யுத்தத்தின்போது பிரிட்டிஷ் போர் விமானங்கள் தலைகுப்புறப் பாயும்போது கார்புரேட்டர் தடுமாறி எஞ்சின் நின்று நின்று போயிற்று. எதிரி பின்னால் வருகிற சமயத்தில்! இந்த அம்மாள் 1941-ல், நடுவே துளையிட்ட ஒரு சிறு பித்தளைத் துண்டால் அதைச் சமாளித்தார். விமான நிலையம் விமான நிலையமாகப் போய் மாட்டிக் கொடுத்தார். பந்தயத்தில் ஓட்டிய அதே நார்ட்டனைச் சாலைக்கேற்றபடி மாற்றி, அதிலேயே போனார் என்கிறார்கள்.

புரூக்லண்ட்ஸில் பந்தயம் 1939-ல் நின்றுவிட்டது. யுத்தத்தில் விமானத் தொழிற்சாலைக்காகப் பாதையை வெட்டினார்கள். மிச்சமிருப்பது இன்று மியூசியம். பழைய வண்டிகளைப் பார்த்துவிட்டுச் சாய்வுப் பாதைக்கும் போகலாம். வெடித்துக் கிடக்கும் காங்கிரீட்டில் ஏறிப் பாருங்கள். ஆனால் குதி உயர்ந்த செருப்போடு ஏறாதீர்கள், சறுக்கிவிடும்.

ஷில்லிங் அம்மாளுக்கு 1938-ல் ஜார்ஜ் நெய்லர் என்பவரோடு கலியாணம் நடந்தது. "நீங்களும் அந்த நட்சத்திரத்தை வாங்கி வாருங்கள், அப்புறம் கலியாணப் பேச்சு" என்று அம்மாள் நிபந்தனை போட்டதாக ஒரு கதை உண்டு. மாப்பிள்ளையும் வாங்கி வந்தாராம்!