எட்டிக்கொட்டையும் எங்கள் காம்பவுண்டுச் சுவரும்

வேப்பம்பட்டில் நாங்கள் வீடு கட்டிக் குடிவந்தபோது பக்கத்து மனை காலி. பிறகு மனைக்காரர்கள் கட்டத் தொடங்கினார்கள். சுவருக்குத் தண்ணீர் விட எங்கள் போரிலிருந்துதான் ஹோஸ் போனது. அது போவதற்காகக் காம்பவுண்டில் கொத்தனார் ஒரு செங்கல்லை வைக்காமல் விட்டார். வீடு முடிந்தும் ஓட்டை இருந்தது. கறிவேப்பிலை போகும், மோர்க்குழம்புக் கிண்ணம் வரும்.

முப்பது வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தாவரவியல் நடத்தியவன் நான். அந்த ஓட்டையைப் பார்க்கும்போதெல்லாம் செடியின் செல்சுவர்களில் இருக்கும் நுண்வாசல்களான பிளாஸ்மோடெஸ்மேட்டா ஞாபகம் வரும். வாத்தியார் புத்தி, வேறென்ன!

கொடுக்க மனமில்லாதவனுக்கு எட்டி மரத்தை உவமை சொல்வது நம் வழக்கம். நாட்டு மருந்துக் கடையில் எட்டிக்கொட்டையைப் பார்த்திருப்பீர்கள். சட்டைப் பொத்தான்போல் தட்டையாக, பட்டு மயிர் படிந்து, கொம்புபோல் கெட்டியாக இருக்கும். உள்ளே ஸ்டிரிக்னைன் நஞ்சு. 1879இல் எட்வர்டு டாங்கல் என்ற பேராசிரியர் அதைச் சீவி நுண்ணோக்கியில் வைத்தார். தடித்த செல்சுவர்களைத் துளைத்துக்கொண்டு ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்கு மெல்லிய இழைகள் ஓடின. 1901இல் ஸ்டிராஸ்பர்கர் என்ற தாவரவியலாளர் அவற்றுக்குப் பிளாஸ்மோடெஸ்மேட்டா என்று பெயர் வைத்தார். பகிர்ந்துகொள்ளும் வாசல் கண்ணில் பட்டது, போயும் போயும் எட்டியில்!

அந்த வாசலின் அகலம், ஒரு மில்லிமீட்டரை இருபதாயிரம் கூறு போட்டால் ஒரு கூறு. பல அதிலும் குறுகல். இரண்டு செல்களின் சவ்வுகள் அங்கே முட்டி நிற்பதில்லை. இந்தச் செல்லின் வெளிச்சவ்வே துளையின் உட்புறம் முழுக்கப் படிந்து அடுத்த செல்லின் சவ்வாகிவிடும். எங்கே இது முடிகிறது, அது தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. நடுவில், செல்லுக்குள் இருக்கும் எண்டோபிளாச வலையின் சவ்வு இறுகி ஒரு குச்சிபோல் ஓடும். அதற்கும் வெளிச்சவ்வுக்கும் இடைப்பட்ட சந்தில்தான் சர்க்கரையும் சமிக்ஞைகளும் போகும்.

வாசல் என்றால் வேண்டாததும் வரும். புகையிலைத் தேமல் வைரஸ் தன் புரதம் ஒன்றை விட்டுச் சந்தை அகட்டிக்கொண்டு அடுத்த செல்லுக்குப் போய்விடும். காயமோ நோயோ என்றால் செடி துளையின் கழுத்தைச் சுற்றிக் கேலோஸ் என்ற பொருளைப் படியவைத்து நெரித்துவிடும்.

நானும் அடைத்தேன். முருங்கைச் சருகு யார் வாசலில் விழுகிறது என்று ஒரு சண்டை, அவ்வளவுதான். மறுநாளே சிமெண்டும் மணலும் குழைத்து நானே பூசினேன். பூச்சு இன்றும் மேடாகத் தெரியும். செடி விவரமானது: அடைத்த கேலோஸைக் கரைக்கவும் நொதி வைத்திருக்கிறது.

அவர்கள் வீட்டுப் பேரன் பந்து எடுக்கத் தெருவைச் சுற்றி வருகிறான். நேற்று கேட்டைத் திறந்துவிட்டேன். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு சுவரையே பார்த்தான்.

"தாத்தா, இங்க ஒரு ஓட்ட இருந்துச்சாமே, ஆயா சொன்னாங்க. யாரு அடச்சது?"