முதல் எண் யாருடையது?

மே 6

இரவு 2.10க்குப் போன். "அம்மா, மறுபடியும் கத்துது" என்றார் வாட்ச்மேன். ஒரே வாரத்தில் மூன்றாவது தடவை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். எங்கள் கூட்டுறவுச் சங்கத்து ஷட்டரில் பூட்டு போட்டது போட்டபடி இருக்கிறது. உள்ளே ஈ, காக்கை இல்லை.

முதல் நாள் சைரன் அலறியபோது தெருவே கம்பும் டார்ச்சுமாகத் திரண்டு வந்தது. இன்று ஒரு வீட்டில்கூட விளக்கு எரியவில்லை. திரும்பி வந்து படுத்தும் அதை நினைத்தே தூக்கம் போயிற்று. பெட்டக அறையில் இருப்பது ஊராரின் அடகு நகை. தாலிக்கொடியைக் கழற்றி என் மேசையில் வைத்துவிட்டு, வெறும் மஞ்சள் கயிற்றோடு உரம் வாங்கப் போனவர்கள் இருக்கிறார்கள்.

மே 7

அலாரம் பார்க்கும் தம்பி காலையிலேயே வந்துவிட்டார். எந்த நேரத்தில் எந்தச் சென்சார் தூண்டியது என்பதை அலாரம் பேனலே குறித்து வைக்குமாம். "மூணு தடவையும் நாலாவது ஜோன்தான் மேடம்" என்றார். அது ஹாலில் டியூப்லைட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சென்சார். ஸ்டூல் போட்டு ஏறி மூடியைக் கழற்றினார். பல்லி எச்சம் உதிர்ந்தது, பின்னாலேயே ஒரு குட்டிப் பல்லி சுவரில் தாவி ஓடியது. ஒயர் நுழையும் ஓட்டையை யாரும் அடைக்கவில்லை. விளக்குக்குப் பூச்சி வந்திருக்கிறது, பூச்சிக்குப் பல்லி வந்திருக்கிறது. இந்தச் சென்சார் உருவத்தைப் பார்ப்பதில்லை. தன் முன்னால் வெப்பம் இடம் மாறுவதைத்தான் உணர்கிறது. லென்ஸ் மேலேயே ஒன்று ஊர்ந்தால், அதன் கணக்கில் ஆள் நடமாட்டம்தான். ஓட்டையை சிலிகான் பசையால் அடைத்து, சென்சாரை எதிர்ச் சுவருக்கு மாற்றினார்.

அத்தோடு அனுப்பியிருப்பேன். போகிற போக்கில், "மத்ததெல்லாம் எப்படி வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். அவர் கீபேடில் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டக் காட்ட எனக்கு வயிற்றைக் கலக்கியது. பேனல் போனில் அழைக்கும் பட்டியலில் முதல் எண், இரண்டு வருடத்துக்கு முன் ஓய்வுபெற்ற செயலாளருடையது. என் எண் பட்டியலிலேயே இல்லை. காசாளர் மேசைக்கடியில் இருக்கும் அவசர பட்டனை அழுத்தினால் சைரன் அலறும்படி வைத்திருந்தார்கள். கத்தியோடு ஒருவன் எதிரே நிற்கும்போது அந்தப் பெண் அதை அழுத்தியிருந்தால்?

மே 8

கடன் மனுக்களை ஒதுக்கிவிட்டு, மதியம் வரை தம்பியோடு உட்கார்ந்தேன்.

முதலில் பட்டன். இனி சத்தமே வராது. என் போனுக்கும் காவல் நிலையத்துக்கும் மட்டும் தகவல் போகும், பகலானாலும் இரவானாலும். பெட்டக அறைக் கதவிலும் சுவரின் அதிர்வுச் சென்சாரிலும் ஒரு நொடிகூடத் தாமதம் இல்லை. ஹாலில் ஒரு சென்சார் மட்டும் தூண்டினால் வாட்ச்மேனுக்கும் எனக்கும் போன் வரும். ஒரு நிமிடத்துக்குள் இன்னொன்றும் தூண்டினால்தான் சைரன்.

முன்வாசலுக்கு எத்தனை நொடி கொடுப்பது என்பதில்தான் நேரம் போனது. ஷட்டரைத் தூக்கிக் கீபேடில் எண் அடிக்கும் வரை பேனல் பொறுக்க வேண்டும். எங்கள் உதவிச் செயலாளருக்கு மூட்டுவலி. அவரையே பையோடு நடக்கவிட்டுக் கடிகாரம் பார்த்தேன். 27 நொடி ஆனது. 40 வைத்தோம். அவசரத்தில் எண்ணைத் தப்பாக அடித்தால் திரும்ப அடிக்க நேரம் வேண்டும்.

சைரன் யாராவது வந்து நிறுத்தும்வரை அலறும்படி இருந்தது. அதன் பெட்டியில் 110 டெசிபல் என்று அச்சிட்டிருக்கிறது. ஒலி மாசுக்கான 2000ஆம் ஆண்டு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்கு இரவு வரம்பு 45 டெசிபல். எதிர்வீட்டில் பிறந்து இருபது நாள் ஆன குழந்தை. 5 நிமிடம் என்று வைத்தோம். புதிதாக ஏதாவது தூண்டினால் மறுபடி அலறும்.

மின்வெட்டுக்கு 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி. அது உப்பியிருந்தது, மாற்றியாயிற்று. கரண்ட் போய் அரை மணிக்கு மேல் வராவிட்டால் எனக்குக் குறுஞ்செய்தி வரும்.

மே 10

காவல் நிலையத்தில் முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஒவ்வொரு சென்சாராகத் தூண்டிப் பார்த்தோம். அங்கிருந்த அதிகாரி ஒரு கேள்வி கேட்டார்: "நாங்க வந்தா யாரும்மா கதவைத் திறப்பா?" நான் யோசித்தே இருக்கவில்லை. சாவி உள்ள இரண்டு பேர் பெயரும் எண்ணும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். பிறகு தெருவில் வீடு வீடாகப் போய், இனி அலறினால் நம்பி எழுந்து வாருங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

மே 14

நடு இரவில் கோடை மழைக் காற்று. ஹால் ஜன்னல் திரை ஆடியிருக்கிறது. எனக்கும் வாட்ச்மேனுக்கும் மட்டும் போன் வந்தது. அவர் டார்ச் அடித்துச் சுற்றிப் பார்த்து, "ஒண்ணுமில்லம்மா, தூங்குங்க" என்றார். சைரன் வாயே திறக்கவில்லை.

சங்கம், பள்ளி, கோயில், கடை என்று எதைப் பொறுப்பில் வைத்திருப்பவராக இருந்தாலும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பேனல் முதலில் அழைக்கும் எண் யாருடையது என்று நாளைக் காலையே பாருங்கள்.