முடுக்கில் ஒரு சோலை

‘ஜன்னத்’ என்னும் அறபுச் சொல்லுக்குச் சோலை என்பது பொருள். ஜீம், நூன், நூன் என்னும் மூன்றெழுத்து வேரினின்றும் பிறந்த அச்சொல்லின் அடிப்படைக் கருத்து, மறைத்தல். கருவறையில் மறைந்திருக்கும் சிசு ‘ஜனீன்’. கண்ணுக்குப் புலப்படாத படைப்பு ‘ஜின்’. உடலை மறைத்துக் காக்கும் கேடயம் ‘ஜுன்னத்’. தரை தெரியாதவாறு தழைகள் மறைத்து நிற்பதால் சோலை ‘ஜன்னத்’ ஆயிற்று. மாணவர்களுக்கு முப்பது ஆண்டுகளாக இதனைச் சொல்லி வருகிறேன். அவ்வாறு மறைக்கப்பட்ட சிறு நிலம் எங்கள் இல்லத்தில் அமைந்தது சென்ற ஆண்டில்தான்.

காயல்பட்டினத்தை அறிந்தோர் ‘முடுக்கு’ என்பதையும் அறிவர். பெண்கள் வெளித்தெருவுக்கு வராமலே போய்வருவதற்கென வீடுகளுக்கிடையே விடப்பட்ட குறுகிய வழி அது. வீடு பெண்மக்களைச் சேரும் வழக்கமுள்ள இவ்வூரில், நான் வாழ்வதும் என் துணைவியாரின் தாய்வீட்டில்தான். அதன் பக்கவாட்டில் நான்கடி அகலமும் முப்பதடி நீளமுமாக ஒரு முடுக்கு உண்டு. அதன் கோடியிலிருந்த கதவின் வழியே எங்கள் மாமி தம் ராத்தா வீட்டுக்கு நாள்தோறும் போய்வந்தார்கள். ராத்தா மவுத்தானபின் அவ்வீடு கைமாறிற்று. கதவிருந்த இடத்தில் சுவர் எழுந்தது. முடுக்கு, உடைந்த ஓடுகளும் பழைய கட்டில்களும் சேருமிடமாயிற்று. எண்பதைக் கடந்த மாமிக்குக் கண்ணொளியும் மங்க, அறையிலேயே அமர்ந்துவிட்டார்கள்.

முடுக்கின்மேல் கூரையிட்டுச் சாமான் அறையாக்கலாம் என்றனர் பிள்ளைகள். “கதவைத்தான் அடைத்தாயிற்று, வானத்தையும் அடைக்க வேண்டுமா, மக்களே?” என்றார்கள் மாமி. அதற்கு எங்களில் எவரிடமும் விடை இல்லை.

ஒருபுறச் சுவர் எங்களுடையது. மறுபுறச் சுவர் அண்டை வீட்டாருடையது. தம் சுவரில் அண்டை வீட்டார் மரச்சட்டம் பதிப்பதை ஒருவர் தடுக்கலாகாது என்பது நபிமொழி. எனினும், அதனைக் கையில் ஏந்தி உரிமை கொண்டாடச் செல்வதைவிட, இணங்கிக் கேட்டுச் செல்வதே அழகு. சுண்ணாம்பு பூசவும், கொடி படர நான்கு ஆணிகள் அறையவும் அவரிடம் இசைவு வேண்டினேன், மகிழ்ந்து தந்தார். அவர் சுவரில் ஈரம் ஏறாதிருக்க அரையடி இடம்விட்டே பாத்தி அமைத்தோம். வாழையையும் முருங்கையையும் விலக்கினோம். கிளை அடுத்தவர் எல்லையில் நுழைந்தால் அகற்றச் சொல்லும் உரிமை அவருக்குண்டு என்பது ஃபிக்ஹு ஓதியோர் அறிந்ததே.

கடற்கரை மணல் நீரைத் தேக்கி வைக்காது. ஆதலின், அடியில் தேங்காய் மட்டைகளைப் பரப்பி, அதன்மேல் செம்மண்ணும் மக்கிய சாணமும் கலந்து இட்டோம். உச்சிப்பொழுதில் இரண்டு மணி நேரமே அங்கே வெயில். வெள்ளையடித்த சுவர் அவ்வொளியைப் பாத்திக்குத் திருப்பித் தருகிறது. நிழல் பொறுக்கும் வெற்றிலையும் புதினாவும் கற்பூரவல்லியும் நடுவே. வெயில் கூடுதலாக விழும் தெருமுனையில் மருதோன்றியும் ரைஹானும். திருமறை கூறும் ‘ரைஹான்’ என்பது நறுமணச் செடியைக் குறிக்கும். அறபு நாட்டார் இப்பெயரால் வழங்குவது நம் திருநீற்றுப்பச்சையை. நோன்புக் காலத்தில் சர்பத்தில் நாம் ஊறவிடும் சப்ஜா விதை இதன் விதையே.

நீருக்கு வேறெங்கும் செல்லவில்லை. ஒளுச் செய்யும் நீர் ஒரு குழாய் வழியே பாத்தியில் விழுகிறது. கடமையான ஒளுவுக்குப் பயன்பட்ட நீர், ஷாஃபிஈ மத்ஹபின்படி, தான் தூயது. ஆனால் மற்றொன்றைத் தூய்மைப்படுத்தாது. மீண்டும் ஒளுவுக்கு உதவாத அந்நீர் புதினாவுக்கு உதவுகிறது. ஒரு பணிக்கு உதவாதது எப்பணிக்கும் உதவாது என எண்ணுவோர்க்கு இதில் பாடமுண்டு.

எங்கள் சுவரோரம் இரண்டடி நடைவழி விட்டோம். இடக்கை சுவரைத் தொட, வலக்கை இலைகளைத் தொட, மாமி நடக்கிறார்கள். முகர்ந்து பார்த்தே செடியின் பெயர் சொல்கிறார்கள். பழுத்த வெற்றிலையை விரலாலேயே கண்டு கிள்ளிவிடுகிறார்கள். கோடிச்சுவர் வரை சென்று, அதில் கை வைத்துச் சற்று நின்று திரும்புகிறார்கள். அவ்வேளையில் நாங்கள் யாரும் பேசுவதில்லை.

ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்து மனிதரோ, பறவையோ, விலங்கோ உண்டால் அது அவருக்குத் தருமமாகும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் அருளினார்கள். நடும் நிலத்துக்கு அளவு எதையும் அவர்கள் கூறவில்லை. தம் வீட்டு முடுக்கைக் கூரையிட்டு மூட எண்ணுவோர், வீட்டிலுள்ள முதியோரிடம் ஒரு சொல் கேட்டபின் மூடுவார்களாக!